மாதாதுறை வரை வந்த வரிசை

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை காலை, மாதாதுறைக் கடற்கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்த நேரத்தில், டோக்கியோ நகரத்து நூடுல்ஸ் கடை ஒன்றின் வரிசை கடலைத் தாண்டி வந்து கரையைத் தொட்டது. வரிசையின் தலை அங்கே கடை வாசலில், வால் இங்கே ஏலக் கொட்டகைக்குப் பக்கத்தில். நடுவே உள்ள கடல் முழுக்க, கைக்கெட்டும் தூரத்துக்கு ஓர் ஆளாக, குடை பிடித்தவர்களும் புத்தகம் படிப்பவர்களும் நின்றபடி தூங்குகிறவர்களும் அலைமேல் செருப்பு நனையாமல் நின்றுகொண்டிருந்தார்கள். ஏலம் விட்டுக்கொண்டிருந்த சவரியார் ஒரு நிமிஷம் நிறுத்தி அவர்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சீலா மீனைத் தொடர்ந்தார். மீன் காத்திருக்காது, அவர்கள் காத்திருப்பார்கள் என்று பிறகு அவர் விளக்கம் சொன்னார்.

இப்படி நீண்டதற்குப் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. கடைக்குள் பத்தே இருக்கைகள். சாப்பிட்டு எழுந்துபோகிறவர்களைவிட வந்து சேருகிறவர்கள் அதிகம். அதனால் வரிசை தெருவைச் சுற்றியது, ரயில் நிலையத்தைச் சுற்றியது, நகரத்தைத் தாண்டியது, இனி நிற்கத் தரை இல்லை என்று ஆனதும் கடல்மேல் நின்றது. கடலும் முகம் சுளிக்காமல் இடம் கொடுத்தது.

வாலில் கடைசியாக நின்றவர் நகாத்தா என்கிற பெரியவர். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையில் ஒரு பலகை இருந்தது. கடைசியில் நிற்கிறவர் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அடுத்த ஆள் வந்ததும் இரண்டு கையாலும் அவரிடம் கொடுக்க வேண்டும், அது அவர்கள் வழக்கம். நகாத்தா ஜப்பானிய மொழியில் பேச, அவருடைய போன் அதை வானொலிச் செய்தி மாதிரியான தமிழில் சொல்லியது. "நான் இந்த வரிசையின் இறுதியைத் தேடி டோக்கியோவிலிருந்து ஓராண்டு காலம் நடந்து வந்தேன். கண்டடைந்ததில் மகிழ்ச்சி கொள்கிறேன்" என்றது போன். ஊரார் தலையாட்டினார்கள். வரிசையில் சேர வேண்டுமென்றால் வாலுக்குத்தானே போக வேண்டும், அதில் கேட்க என்ன இருக்கிறது.

வந்த வழியில் தனக்கு நேர்ந்த ஒரே வருத்தத்தையும் அவர் சொன்னார். நாற்பது வருஷமாகப் பார்க்காத பள்ளிக்கூடத் தோழன் நடுக்கடலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தானாம். இவர் ஆசையாக அவன் பக்கத்தில் நின்றதும் தண்ணீர் ஷூவுக்குள் ஏறிவிட்டதாம். வாலைத் தேடி நடக்கிறவரைக் கடல் தாங்கும், இடம் பிடித்து நிற்கிறவரையும் தாங்கும், இடையில் நின்று பேசுகிறவரைத் தாங்காது. குனிந்து ஒரு வணக்கம் போட்டுவிட்டு நடந்தேன் என்றார். சொல்லும்போது அந்த மனிதரின் குரல் உடைந்தது, போனின் குரல் உடையவில்லை.

மாதாதுறை வரிசையை இரண்டு நாளில் பழகிக்கொண்டது. வள்ளம் கடலில் இறங்கும்போது "வழி, வழி" என்று ஒரு சத்தம் கொடுத்தால் வரிசை இரண்டாகப் பிளந்து, வள்ளம் போனதும் ஒட்டிக்கொண்டது. பாஸ்போர்ட் கேட்டு வந்த அதிகாரியிடம் நகாத்தாவின் போன், "நாங்கள் இந்தியாவுக்கு வரவில்லை, டோக்கியோவில் உள்ள உணவகத்தின் வாசலில் நின்றுகொண்டிருக்கிறோம்" என்றது. அவர் யோசித்துப் பார்த்து, அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். முந்திப் போய்விடலாம் என்று வரிசையோரமாகக் கடலில் ஓடிய இரண்டு வாலிபர்கள் பத்தடியில் இடுப்பளவு முங்கி நீந்தி வந்தார்கள். முந்துகிறவனைக் கடல் தாங்காது என்பதும் அன்றோடு தெரிந்துபோயிற்று.

ஏலக் கொட்டகைக்கு எதிரே இடியாப்பம் விற்கிற அமலோற்பவத்துக்கு இதெல்லாம் முதலில் வேடிக்கைதான். நாற்பத்தெட்டு வயசு, கல்யாணம் கட்டாதவள், வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிடத் தாராளம். வரிசையை விட்டு அசைய முடியாத பெரியவருக்கு அவளே ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுத்தாள். அவரோ குழம்பை இடியாப்பத்தில் ஊற்றவிடாமல் தனிக் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு, இடியாப்பத்தை இழை இழையாகப் பிரித்து, குழம்பில் தோய்த்து, உர்ரென்று சத்தம் வர உறிஞ்சினார். தன் பிழைப்பையே அந்த மனுஷன் பிரித்துப் போடுகிறார் என்று அவளுக்குக் கோபம் வந்து, அந்தக் கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது. அந்தச் சாப்பாட்டு முறையை அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். "இடியாப்பத்த நீளமாவும் தடியாவும் ஆக்குன மாதிரி இருக்கும்க்கா. கொழம்பு தனியா, கெட்டியா இருக்கும். தொட்டுத் தொட்டு உறிஞ்சுவாவ" என்று ஒருத்தி போனில் சொல்லியிருக்கிறாள். கடை வாசல் துணியில் ஒற்றை மீன், கண் மூடின மீன் வரைந்திருக்கும் என்றும் சொல்லியிருக்கிறாள். நகாத்தாவின் கையில் இருந்த பலகையில் கண் மூடின மீன் இருந்தது.

சொன்னவள் தங்கச்சி ரெக்ஸ்லின். அக்காவைவிடப் பதினோரு வயசு சின்னவள். ஒரு தரகரை நம்பி டோக்கியோவுக்குப் போனவள், அந்தக் கடையில் வெந்த நூடுல்ஸைக் குளிர்ந்த தண்ணீரில் அலசுகிற வேலையில் இருந்தாள். அவளுடைய காகிதங்கள் சரியில்லை. விமானம் ஏறப் போனால் பிடிப்பார்கள். அவர்களுடைய அப்பா சூசை இறந்தபோது ஐஸ் பெட்டியில் மூன்று நாள் வைத்துக் காத்திருந்தார்கள். மூன்றாம் நாள் அமலோற்பவம் போனில் சொன்னாள்: "நீ வராட்டா இனி ஒனக்கு அப்பாவும் இல்ல, அக்காவும் இல்ல." மறுமுனையில் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அக்காதான் போனை வைத்தாள். மறுவாரம் கூப்பிட்டபோது அந்த எண் உயிரோடு இல்லை. கடைக்குப் போன் கிடையாது, இருந்தால் அதற்கும் ஒரு வரிசை நின்றிருக்கும்.

அது நடந்து ஏழு வருஷம். அந்த ஏழு வருஷத்தில் அமலோற்பவம் மாவு பிசையும்போதும், இடியாப்ப உழக்கில் பிழியும்போதும், பூசையில் முழங்காலில் நிற்கும்போதும் அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். தான் சொன்னது தப்பு, தான் எப்போதும் அவள் அக்காதான். இதை நேரில், முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அன்று மத்தியானமே அடுப்பை அணைத்துவிட்டுப் போய் வரிசையில் நின்றாள். நகாத்தா இரண்டு கையாலும் பலகையைக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் அவள் பின்னால் தையல்காரர் ரொசாரி வந்து நின்றார், எதற்கு என்று கேட்டால், நீ நிற்கிறாய் அதனால் என்றார். அவர் பின்னால் பாதித் தெரு வந்தது. வால் மாதா கோயிலைச் சுற்றி ரேஷன் கடை வரை வளர, அரிசிக்கு வந்த சிலர் ஒரு நாள் முழுக்க நூடுல்ஸுக்கு நின்றதும், நூடுல்ஸுக்கு வந்த ஒரு ஜப்பான்காரி பாமாயிலோடு திரும்பியதும் நடந்தது.

எட்டாம் நாள் அமலோற்பவம் தண்ணீர் ஓரத்துக்கு வந்துவிட்டாள். அடுத்த அடி கடல்மேல்தான். இனி எத்தனை மாசமோ, வீட்டைப் பூட்டி, கோழிகளை ஒப்படைத்துவிட்டு வந்துவிடலாம் என்று தோன்றிற்று. அதற்கு அவள் என்ன செய்தாள் என்றால், மாதாதுறையில் பிறந்த யாரும் செய்வதைத்தான் செய்தாள். ரேஷன் கடையில் ஆளுக்குப் பதிலாகக் கல்லும் செருப்பும் எண்ணெய்க் கேனும் நிற்கும், கூடைக்கு அங்கே உள்ள மரியாதை ஆளுக்குக் கிடையாது. தன் சிவப்பு வயர்கூடையை மணலில் வைத்தாள். உள்ளே இரண்டு சேலை, ஒரு நைட்டி, ஜெபமாலை, தங்கச்சிக்கு நெத்திலிக் கருவாடு. கூடையின் காதில் "அமலோற்பவம், வடக்குத் தெரு" என்று எழுதிய அட்டை. "கூடை நிக்கி, பாத்துக்கிடுங்க. அரை மணிக்கூர்ல வந்துருதேன்" என்றாள். மாதாதுறையில் அரை மணி நேரம் என்றால் ஒன்றரை மணி நேரம்.

அந்த நேரம் பார்த்து டோக்கியோவில் பெருமழை. முன்னால் நின்ற பல்லாயிரம் பேர் குடையை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். வரிசை விறுவிறுவென்று நகர்ந்தது. நகாத்தாவும் ரொசாரியும் கூடையை விட்டுவிட்டா போவார்கள்? ஒருவர் இடத்தை எடுத்து வைப்பதுபோல் பயபக்தியோடு தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள். அமலோற்பவம் ஓடி வந்தபோது கூடை தொடுவானத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளியாகத் தெரிந்தது. "யக்கா, கூடை பத்திரம்!" என்று ரொசாரி கத்தியது வாய் வாயாகக் கரைக்கு வந்தது.

அவள் திட்டினாள், அழுதாள், பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி வாலில் போய் நின்றாள். நான்கு நாளில் தண்ணீர் ஓரத்துக்கு வந்து கடல்மேல் கால் வைத்தாள். முழங்கால் வரை நனைந்தது. முன்னால் நின்றவர் நனையாமல் நிற்கிறார், பின்னால் வந்தவரும் நிற்கிறார், அவள் மட்டும் முங்குகிறாள். ஊர் கூடி யோசித்தது. கடைசியில் விஷயம் வரிசையோடு போய் நகாத்தாவிடம் விளக்கம் கேட்டுக்கொண்டு திரும்பியது. "தாங்கள் ஏற்கெனவே எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறீர்கள். ஒருவருக்கு ஓர் இடமே உண்டு." கூடை அவள் பெயரில் நிற்கிறது, அவள் எப்படி இரண்டாவது தடவை நிற்க முடியும்?

கூடையை வரிசையிலிருந்து எடுத்துவிடச் சொல்லலாம் என்று பங்குச் சாமியார் சொன்னார். எடுத்தால் திரும்ப முதலிலிருந்துதானே என்று அவள் யோசித்தாள். அந்தக் கூடையாவது தங்கச்சி கண்ணில் படட்டுமே என்று விட்டுவிட்டாள். ஒரு நாள் முன்னால் நின்றவரின் காதுக்குப் பக்கத்தில் போய், அந்த வாக்கியத்தை வாய் வாயாக அனுப்பிவிடலாமா என்று வாயைத் திறந்தாள். இங்கிருந்து டோக்கியோ வரை எத்தனை லட்சம் வாய். அத்தனை பேர் வாயில் விழுந்து எழுந்து போகிற வார்த்தையா அது? "ஒண்ணுமில்லங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் வாழ்க்கை இப்படி ஆயிற்று: வாலில் நிற்பாள், தண்ணீர் ஓரம் வரை நகருவாள், கடல் கை விரித்ததும் விலகி, திரும்ப நடந்து வாலில் போய் நிற்பாள். கூடை எங்கே இருக்கிறது என்று தினமும் காலையில் முன்னால் நிற்பவரைக் கேட்பாள். மலாக்கா தாண்டியாயிற்று என்று ஒரு நாள் வரும். நகாத்தா மழைக்குக் கூடைமேல் தன் சட்டையைப் போர்த்தியிருக்கிறார் என்று ஒரு நாள் வரும். அந்தக் கூடை பார்த்த ஊர்களை எல்லாம் தான் பார்க்காமல் போனதை நினைத்து அவளுக்குக் கூடைமேலேயே பொறாமையாக இருந்தது.

பதினான்கு மாசம் கழித்துக் கூடை கடைக்குள் நுழைந்தது. அந்தச் செய்தி வந்து சேரப் பத்தொன்பது நாள். வரிசையில் நிற்கிறவர்கள் கவனமானவர்கள் என்பதால் ஓர் எழுத்து சிதறாமல் வந்தது, ஊரே கொட்டகையடியில் உட்கார்ந்து கேட்டது. வாசலில் டிக்கெட் இயந்திரம் இருக்கிறது. காசு போட்டுப் பொத்தானை அமுக்கி, வருகிற சீட்டை மேடையில் வைக்க வேண்டும். நகாத்தா கூடைக்காக அமுக்கினார். கடைக்காரர் கூடையைப் பார்த்தார், அதன் முன்னால் இருந்த சீட்டைப் பார்த்தார். சீட்டு இருந்தால் வாடிக்கையாளர்தான். "நூடுல்ஸ் சூடாகவா, ஆறவா?" என்று கேட்டார். கூடை பதில் சொல்லாததால் ரொசாரி "ஆறவே குடுங்க" என்றார். பளபளவென்று தடித்த நூடுல்ஸ் ஒரு கிண்ணத்தில், பாதி முட்டையும் பன்றித் துண்டும் கிடந்த கெட்டிக் குழம்பு இன்னொரு கிண்ணத்தில், கூடையின் முன்னால் வந்தது. மற்ற ஒன்பது பேரும் உறிஞ்சி முடித்து, மிச்சக் குழம்பில் கொதிக்கிற வெந்நீர்ச் சாறு விட்டு இளக்கிக் குடித்தார்கள். கூடையின் குழம்பையும் கடைக்காரர் முறைப்படி இளக்கி வைத்தார். கூடை குடிக்கவில்லை. ருசி சரியில்லையோ என்று அந்த மனிதர் கலங்கிப்போய், உள்ளே நூடுல்ஸ் அலசிக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டு, அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

அவள் ஈரக் கையோடு வந்து படித்தாள். சத்தமாகப் படிக்கவில்லை. பிறகு ரொசாரியைப் பார்த்தாள். "அக்கா எங்க?" என்றாள். "வால்ல நிக்கா, ஏட்டி" என்றார் ரொசாரி. அவள் கூடையின் இருக்கையில் உட்கார்ந்து, ஆறிப்போன அந்தக் குழம்பை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். கூடையை உள்ளே தூக்கிப்போய், சற்று நேரம் கழித்து அதோடு திரும்பி வந்து, ஏப்ரனை மடித்து மேடையில் வைத்தாள். கூடையோடு வாசல் துணியை விலக்கிக்கொண்டு வெளியே போய், வரிசையில் முதலில் நின்றவரிடம், வால் எந்தப் பக்கம் என்று கேட்டாள். (ரொசாரி திரும்பவில்லை. அங்கேயே பேன்ட் நீளம் குறைத்துக் கொடுக்கிறார் என்று கேள்வி.)

கேட்டு முடிந்ததும் அமலோற்பவம் எழுந்து தண்ணீர் ஓரத்துக்குப் போனாள். வரிசையில் ஒருவர் விலகி இடம் கொடுக்க, கடல்மேல் கால் வைத்தாள். நனையவில்லை. கூடை சாப்பிட்டு முடித்துவிட்டது, அவள் இடம் தீர்ந்தது, இனி அவள் புதிதாக நிற்கலாம். இரண்டாவது காலையும் வைத்தாள். ஒன்றேகால் வருஷமாகத் தன்னை முங்கவைத்த கடல், இப்போது சிமென்ட் தரை மாதிரி பாதத்தைத் தாங்கிற்று. "போ அமலோற்பவம், போ! எதிர்ல போனா பாதிக் காலத்துல பாத்துருவ" என்று சவரியார் கரையில் நின்று கத்தினார்.

அவள் போகவில்லை. நகாத்தாவின் தோழன் ஞாபகத்துக்கு வந்தான். வரிசைக்கு நடுவே நின்றால் தங்கச்சி வருவாள், பார்ப்பாள், ஒரு வணக்கம் போட்டுவிட்டுக் கடந்து போவாள். நின்றால் தண்ணீர் ஏறும். பக்கத்தில் நின்று பேச முடிகிற இடம் வரிசையிலேயே ஒன்றுதான் உண்டு. அவள் காலை எடுத்துக்கொண்டு, ஊருக்குள் நடந்து, வாலில் போய் நின்று, பலகையை வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு யார் வந்து சேர்ந்தாலும் அவள் பலகையைக் கொடுக்கவில்லை. "எனக்கு முன்னால நில்லுங்க" என்று விலகி இடம் கொடுத்தாள். முன்னால் நகர வேண்டும் என்று ஏங்கின அதே பொம்பளை இப்போது ஓர் அடிகூட நகரக் கூடாது என்று ஏங்கினாள். வந்தவர்கள் முதலில் கூச்சப்பட்டார்கள், பிறகு அதுவே வழக்கமாயிற்று. இடியாப்ப அடுப்பு வாலுக்கே வந்துவிட்டது. அங்கே வந்து நிற்பவர்கள் ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டு அவளுக்கு முன்னால் சேர்ந்துகொண்டார்கள். மழைக்கு ஊரார் ஓலைப் பந்தல் போட்டுக் கொடுத்தார்கள். திருவிழாச் சப்பரம்கூட அவளைச் சுற்றிக்கொண்டு போயிற்று, அவளை நகரச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாள் காலையும் செய்தி வந்தது. தங்கச்சி வியட்நாம் பக்கம் வருகிறாள். தங்கச்சிக்குக் காய்ச்சல், ஆனால் நடக்கிறாள், நிற்க முடியாதே. தங்கச்சி அந்தமான் தாண்டிவிட்டாள். ஒரு மாசம் செய்தியே இல்லை. அந்த மாசம் அமலோற்பவம் மாவில் உப்புப் போட மறந்தாள், யாரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

பதினோராம் மாசம், ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, கடல்மேல் நின்றவர்களின் தலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குனிந்து நிமிர்ந்தன. யாரோ கடந்து வருகிறார்கள். கரையில் ஏலம் நின்றது. இந்தத் தடவை சவரியார் தொடரவில்லை. மெலிந்த ஒரு பொம்பளை, காதோரம் நரைத்து, கையில் சிவப்புக் கூடையோடு, வரிசையோரமாக, எல்லோருக்கும் தலை வணங்கிக்கொண்டு, எங்கேயும் நிற்காமல் மணலில் ஏறி, கோயிலைச் சுற்றி, ரேஷன் கடையைத் தாண்டி வந்தாள். அமலோற்பவம் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். ஓடிப்போக வேண்டும்போல் கால் துடித்தது. போனால் வால் கலைந்துவிடுமோ என்கிற பயத்தில் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

ரெக்ஸ்லின் வந்து, அக்காவைக் கடந்து, ஓர் அடி பின்னால் போய் நின்றாள். நின்றதும்தான் மூச்சு விட்டாள். அவள் கைகள் ஊறிப்போய், சிவந்து, நகக்கண் வெடித்திருந்தன. எத்தனை வருஷத் தண்ணீர்.

அமலோற்பவம் திரும்பினாள். ஒன்பது வருஷம் ஒத்திகை பார்த்த வாக்கியம் கடைசியில் இப்படித்தான் வந்தது: "ஏட்டி, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. நான் ஒனக்கு அக்காதான். எப்பமும் அக்காதான்."

"இதத்தான் தேடுனேன்" என்றாள் ரெக்ஸ்லின். "ஒரு சீட்டாவது எழுதி வச்சிருப்பியோன்னு கூடையக் கவுத்துப் பாத்தேன். ரெண்டு சேலையையும் ஒதறிப் பாத்தேன். கருவாட்டுப் பொட்டலத்தக்கூடப் பிரிச்சுப் பாத்தேன்க்கா. ஒண்ணும் இல்ல. அப்போ நேர்ல சொல்லத்தான் வச்சிருக்கியோன்னு கெளம்பி வந்துட்டேன்."

இருவரும் அழுதார்கள். முன்னால் நின்றவர்கள் எல்லோரும் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்கள். பக்கத்து ஊரிலிருந்து புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் வந்து, நூடுல்ஸ் கடைக்கு வரிசை இதுதானா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லி, அமலோற்பவம் பலகையை இரண்டு கையாலும் அவர்களிடம் கொடுத்துவிட்டு விலகினாள்.

"அப்பாவப் பாக்கணும்க்கா" என்றாள் ரெக்ஸ்லின்.

கல்லறைத் தோட்டம் உப்பளத்துப் பாதையில் கால் மைல். அக்கா முன்னால் நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் தனியாக நடப்பதுபோல் இருக்கவே திரும்பிப் பார்த்தாள். தங்கச்சி சரியாகக் கைக்கெட்டும் தூரம் விட்டு, அவள் நின்றதும் தானும் நின்று, அடுத்த நகர்வுக்குக் காத்துக்கொண்டிருந்தாள்.

"பின்னால என்னட்டி நிக்க?" என்று அமலோற்பவம் கையை நீட்டினாள். "பக்கத்துல வா."